டெஸ்ட் மிஸ்ஸுக்கு வந்த சோதனை

தண்ணீர் குடிக்கப் போன சிறுமி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் டெஸ்ட் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தது. போனவள் இவள்தானா?

அதே வெள்ளைச் சட்டை, அதே சாம்பல் நிறப் பாவாடை, அதே ரெட்டைப் பின்னல், அதே நீல ரிப்பன். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தச் சிறுமியைப் பிடித்து நிறுத்தினாலும் இதே சட்டை, இதே பாவாடை, இதே ரிப்பன்தான்.

"தண்ணி குடிச்சிட்டியாம்மா?" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தாள்.

"குடிச்சிட்டேன் மிஸ்." பதில் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏன் குரல் இப்படி இருக்கு?"

"தொண்டை கட்டிக்கிச்சு மிஸ்."

"இப்பவா? இந்த அஞ்சு நிமிஷத்துலயா?"

"தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு மிஸ்."

டெஸ்ட் மிஸ் தலையை ஆட்டிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? குரல் ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம். அதுவும் இப்போது தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

டெஸ்ட் மிஸ்ஸுக்கு முகங்கள் மனதில் நிற்காது. பார்வையில் கோளாறு எதுவும் இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் பார்க்கும்போது தெளிவாகவே தெரியும். அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தால் கரும்பலகையைத் துடைத்த மாதிரி எல்லாம் போயிருக்கும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். மனிதர்களை நடையை வைத்து, குரலை வைத்து, சட்டையை வைத்து அடையாளம் கண்டுகொண்டு காலத்தை ஓட்டி வந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு கடையில், நீலக்கோடு போட்ட சட்டையை நம்பி யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "போலாங்க, கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் பாவம், "எங்கேங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து கணவர் அவளோடு வெளியே போனால் அவள் காதில் விழும்படி இருமிக்கொண்டேதான் நடப்பார்.

இதை அவள் வேலை பார்க்கும் மையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் நினைவையும் பேச்சையும் அளந்து பார்க்கிற மையம் அது. அளக்க வருகிறவளுக்கே ஒரு முகம் நினைவில் நிற்காது என்று தெரிந்தால் டைரக்டர் அடுத்த மாதமே வேறு ஆள் பார்த்துவிடுவார். மையத்தில் இதுவரை பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நிறத்தில் உடுத்திக்கொண்டு, பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு வரும். இப்போதுதான் முதல் தடவையாகத் தனியாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னும் அவளை வேலையில் நிரந்தரமாக்கவில்லை. இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

சோதிக்க வேண்டிய சிறுமிக்கு எட்டு வயது. வகுப்பில் எல்லாரும் அவளை 'மறதி' என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சரும் அப்படித்தான். நேற்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோதே தலைமையாசிரியை அவளைப் பற்றி விளக்கியிருந்தார்.

"பென்சில் பாக்ஸை மறப்பா. ஹோம்வொர்க்கை மறப்பா. ஒருநாள் ஷூவையே மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. பேச ஆரம்பிச்சா பாதியிலேயே நிறுத்திடுவா. மீதியை நாமதான் ஊகிச்சுக்கணும்."

"புரியுதுங்க. மூளைக்குள்ள ஒரு மேனேஜர் இருக்கார்னு வச்சுக்குங்க. எதை முதல்ல செய்யணும், எதை நினைவு வச்சுக்கணும், எப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு சொல்றது அவருதான். அவரு ஒழுங்கா வேலைக்கு வர்றாரான்னு பாக்குறதுதான் இந்த டெஸ்ட். கூடவே பேச்சையும் பாப்போம்."

"இவளோட மேனேஜர் லாங் லீவுல இருக்காரு" என்றார் தலைமையாசிரியை. "உங்க ரிப்போர்ட்டும் அதையே சொல்லிச்சுன்னா அவளை ஒரு வகுப்பு கீழே இறக்கிடலாம்னு இருக்கேன். சின்னப் பசங்களோட உக்காரட்டும்."

அவர் இதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார். வராந்தாவில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

சோதனைக்காக மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். காற்றுப் போன பந்துகளுக்கும் ஸ்கிப்பிங் கயிறுகளுக்கும் நடுவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. வகுப்பறை மாடியில் இருந்தது. பிள்ளையை அழைத்து வரும் பொறுப்பு ஆயாம்மாவுக்கு. ஆயாம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறாமல் கீழே நின்றபடியே, "டெஸ்ட்டுக்கு வர்ற பொண்ணு, இறங்கி வா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஒரு பொண்ணு இறங்கி வரும்.

காலையில் வந்தவள் படங்களைப் பார்த்துக் கதை சொல்லும் சோதனையைச் செய்தாள். ஒரு பையன், ஒரு நாய், காற்றில் பறந்து போகும் ஒரு குடை. அவ்வளவுதான் படத்தில் இருப்பது. சிறுமி மூச்சு விடாமல் சொன்னாள். நாய்க்கும் குடைக்கும் நெடுநாள் பகை, குடை பறந்து போனதில் நாய்க்கு உள்ளூரச் சந்தோஷம், ஆனால் பையன் அழுததைப் பார்த்து மனம் மாறிப் போய்க் கவ்விக்கொண்டு வந்தது என்று கிளைக்கதையெல்லாம் வைத்து முடித்தாள். பாதியில் நிறுத்துகிற பிள்ளையா இது? நிறுத்தச் சொல்லி டெஸ்ட் மிஸ்தான் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

இப்போது தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் வாயைத் திறக்கவே யோசித்தாள். ஆனால் எண்களைச் சொல்லி அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, எத்தனை நீளமாகச் சொன்னாலும் கிசுகிசுப்பாக அப்படியே திருப்பிக் கொடுத்தாள். டெஸ்ட் மிஸ்ஸே தன் விடைத்தாளை இரண்டு தடவை பார்த்துச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

இடைவேளை மணி அடித்ததும் வராந்தாவின் மூலைக்குப் போய்க் கணவருக்கு போன் போட்டாள்.

"ஏங்க, அவ மாறிட்டாளோன்னு பயமா இருக்கு."

"யாரு?"

"டெஸ்ட்டுக்கு வந்த பொண்ணு. தண்ணி குடிக்கப் போனா. திரும்பி வந்தவ வேற மாதிரி இருக்கா."

"வேற மாதிரின்னா எப்படி இருக்கா?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு எதுக்குங்க போன் பண்றேன்?"

கணவர் ஒருமுறை இருமினார். "பேசாம அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடேன்."

"என்னன்னு கேக்குறது? 'நீ நீதானா'ன்னா? ஆமான்னுதான் சொல்லும். எந்தப் பொண்ணைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லும்!"

"சரி, பதறாதே. நம்ம பெட்டிக்கு சிவப்பு ரிப்பன் கட்டி விடறோமில்ல, வேற யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு? அந்த மாதிரி ஏதாவது அடையாளம் வை. பரிசு குடுக்குற ஸ்டிக்கர் வச்சிருப்பியே, அதுல ஒண்ணை ஒட்டி விடு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இடைவேளை முடிந்து வந்த சிறுமியிடம், "நீ ரொம்ப நல்லா பண்றேம்மா" என்று சொல்லி, சட்டைக் கையில் ஒரு பொன்னிற நட்சத்திரத்தை அழுத்தி ஒட்டினாள். மனது லேசானது. இனி யார் வந்தாலும் நட்சத்திரத்தைப் பார்த்தால் போதும்.

"மிஸ்" என்றாள் சிறுமி. "என் பக்கத்துல உக்காந்திருக்குறவளுக்கும் ஒண்ணு வேணும் மிஸ். நான் மட்டும் ஒட்டிக்கிட்டுப் போனா அவ அழுவா."

"ஐயோ, பாவம். இந்தா, அவளுக்கு."

"அவளுக்குக் குடுத்தா பின்னாடி பெஞ்சும் அழும் மிஸ்."

டெஸ்ட் மிஸ்ஸின் மனது அப்போதுதான் லேசாகியிருந்ததால் இளகியும் இருந்தது. "சரி, சண்டை வேண்டாம், எல்லாருக்கும் குடுத்துடு" என்று ஸ்டிக்கர் அட்டையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சிறுமி வகுப்புக்கு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் படியேறினாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது டெஸ்ட் மிஸ்ஸுக்கு உறைத்தபோது, விளையாட்டு வகுப்புக்காக ஒரு கூட்டம் ஜன்னலைத் தாண்டி மைதானத்துக்கு ஓடியது. கூட்டத்தின் சட்டைக் கையெல்லாம் நட்சத்திரம் மின்னியது.

திரும்பி வந்தவளின் கையிலும் நட்சத்திரம் இருந்தது. இருக்காதா பின்னே?

டெஸ்ட் மிஸ் தன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். சரி, அடையாளம் வேண்டாம். நேராக ஞாபகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். காலையில் வந்தவளுக்கு மட்டும்தானே காலையில் நடந்தது தெரியும்?

"காலையில ஒரு படக்கதை சொன்னியே, அதுல நாய் என்னம்மா பண்ணுச்சு?"

"நாய்க்கும் குடைக்கும் நெடுநாள் பகை மிஸ். குடை பறந்து போனதும் நாய்க்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனா பையன் அழுததைப் பாத்து மனசு மாறிடுச்சு மிஸ்."

வார்த்தை பிசகவில்லை. டெஸ்ட் மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவள்தான்! நான்தான் வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். தொண்டை கட்டினால் யாருக்கும் குரல் மாறத்தானே செய்யும்?

அந்தத் தெம்பில் அடுத்த தாளை எடுத்துச் சிறுமியின் முன்னால் வைத்தாள். எழுத்துகளுக்கு நடுவில் மறைந்திருக்கும் ஓர் எழுத்தைத் தேடி வட்டம் போட வேண்டும். சிறுமி பென்சிலை இடது கையில் எடுத்தாள்.

காலையில் வந்தவள் வலது கையால் எழுதினாள். அதை டெஸ்ட் மிஸ் குறித்தே வைத்திருந்தாள்.

"நீ... இடது கையிலயா எழுதுவே?"

சிறுமியின் பென்சில் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. "ரெண்டு கையிலயும் எழுதுவேன் மிஸ்."

"ரெண்டு கையிலயுமா?"

"காலையில வலது. இடைவேளைக்கு அப்புறம் இடது."

டெஸ்ட் மிஸ் இதைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டைரக்டர்.

"எப்படிப் போகுது?"

"நல்லா போகுது சார்." குரல் நடுங்கியது. நடுக்கத்தை மறைக்கக் கொஞ்சம் உற்சாகத்தைக் கலந்தாள். அது கொஞ்சம் அதிகமாகவே கலந்துவிட்டது. "இந்த மாதிரிக் குழந்தையை நான் பாத்ததே இல்ல சார். கதை சொன்னா பெரியவங்க தோத்துடணும். எண்களைத் தலைகீழா ஒப்பிக்கிறா. ரெண்டு கையிலயும் எழுதுறா."

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு டைரக்டர் மெதுவாகக் கேட்டார். "பாதி வாக்கியத்துல நிறுத்துற பொண்ணுன்னுதானே பள்ளிக்கூடத்துல எழுதியிருந்தாங்க?"

"அதான் சார் ஆச்சரியமா இருக்கு."

"நீங்க அங்கேயே இருங்க. நான் நேர்ல வர்றேன்."

"வேண்டாம் சார்! உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"என்னம்மா சிரமம்? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. நம்ம மையத்துப் பெரிய டாக்டருக்கும் போன் பண்ணிச் சொல்லி வைக்கிறேன். ரிப்போர்ட்டை நாம சேர்ந்தே எழுதுவோம்."

போன் வைக்கப்பட்டது. டெஸ்ட் மிஸ் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். எதிரே இருந்த சிறுமி இரக்கத்தோடு அவளைப் பார்த்து, "தண்ணி வேணுமா மிஸ்?" என்று கேட்டாள்.

"வேண்டாம்!" என்று அலறினாள் டெஸ்ட் மிஸ். "யாரும் இனிமே தண்ணி குடிக்கப் போக வேண்டாம்!"

ஆனால் மதிய உணவுக்கு மணி அடித்தால் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது. சிறுமி துள்ளிக்கொண்டு ஓடினாள். இனி ஒரே வழிதான். மறதியை நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வகுப்பு டீச்சரை அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியையிடம் கேட்டுவிடலாம்.

தலைமையாசிரியையைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி தொங்கும். அறை வாசலில் ஓர் அம்மாள் கண்ணாடி எதுவும் இல்லாமல் நின்று ஒரு பையனை அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்ங்க. தலைமையாசிரியையைப் பாக்கணும். எங்கே இருக்காங்க?"

அந்த அம்மாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நான்தான்."

குரலைக் கேட்டதும் டெஸ்ட் மிஸ்ஸுக்குக் காது மடல் வரை சூடேறியது. "ஆமா, உங்களைத்தான். உங்களைத்தான் பாக்கணும்னு... உங்ககிட்டயே கேட்டேன். ஒரு மரியாதைக்காக."

"கண்ணாடி சங்கிலி அறுந்து போச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். ஏன் உங்களுக்கு வேர்க்குது? உடம்பு சரியில்லையா?"

"அந்த ரூம்ல காத்து கம்மிங்க. வந்து... வகுப்பு டீச்சரைக் கொஞ்சம் என்கூட உக்காரச் சொல்ல முடியுமா? பொண்ணுக்குத் தைரியமா இருக்கும்."

"அவங்க இன்னிக்கு லீவு. டிராயிங் டீச்சரைத்தான் உக்கார வச்சிருக்கோம். அவரு இந்த வாரம்தான் சேர்ந்தாரு. கரும்பலகையைப் பாத்து ஏதோ வரைஞ்சுக்கிட்டே இருக்காரு, திரும்பறதே இல்ல."

"நீங்க வந்து உக்காந்தா?"

"நானா? எனக்கு ரெண்டு வகைப் பசங்களைத்தான் முகம் தெரியும். பரிசு வாங்குறவங்க, ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறவங்க. இவ ரெண்டுலயும் சேத்தி இல்ல." தலைமையாசிரியை அவளை உற்றுப் பார்த்தார். "ஏன் கேக்குறீங்க? ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினையா? இல்லவே இல்லைங்க. எங்க டைரக்டர்கூட வர்றாரு. அந்த அளவுக்கு நல்லா போகுது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. "டைரக்டரே வர்றாரா? அப்ப நானும் வந்து பாக்குறேன். அந்தப் பொண்ணோட அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். பஸ் ஓட்டுறவங்க, ஷிஃப்ட் முடிஞ்சதும் வந்துடுவாங்க."

டெஸ்ட் மிஸ் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். ஒரு வாய் இறங்கவில்லை. பேசாமல் டைரக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? மானமும் சேர்ந்து போகும். இதற்கு நடுவில் ஒரு குழந்தை ஒரு வகுப்பு கீழே இறங்குவதா வேண்டாமா என்பதை வேறு அவள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். எந்தக் குழந்தை என்பதே தெரியாமல்.

மதியம் வந்தவள் எதுவும் பேசவில்லை. நட்சத்திரம் பாதி உரிந்து தொங்கியது. டெஸ்ட் மிஸ்ஸும் எதையும் கேட்கவில்லை. கேட்டுப் பயன் என்ன? திட்டமிடும் திறனைப் பார்க்கும் கட்டையை எடுத்து வைத்தாள். மூன்று கம்பிகள். ஒரு கம்பியில் சின்னதும் பெரிதுமாக மர வளையங்கள். ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கம்பிக்கு மாற்ற வேண்டும். எந்த நேரத்திலும் சின்ன வளையத்தின் மேல் பெரிய வளையம் உட்காரக் கூடாது.

சிறுமி கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் ஓடியது. பிள்ளைகள் பொதுவாக உடனே பாய்ந்து எதையாவது எடுத்துவிட்டு, பிறகு தலையைச் சொறிவார்கள். இவள் அசையவே இல்லை. டெஸ்ட் மிஸ், "ஆரம்பிம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிறுமியின் கை நகர்ந்தது. ஒரு வளையத்தைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை, ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. கடைசி வளையம் டக்கென்று உட்கார்ந்தது. பெரியவர்கள்கூட இப்படிச் செய்து டெஸ்ட் மிஸ் பார்த்ததில்லை.

"எப்படிம்மா யோசிச்சே?"

"கடைசியா எது எங்க வரணும்னு முதல்ல பாத்துக்கிட்டு, அப்புறம் அங்கேருந்து பின்னாடி..." சிறுமி நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

டெஸ்ட் மிஸ் தன் கவலையைக்கூட ஒரு கணம் மறந்து அவளையே பார்த்தாள். இந்த முகத்தையாவது மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முயன்றாள். நெற்றி, புருவம், மூக்கு நுனியில் ஒரு மச்சம். சிறுமி எழுந்து, "ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன் மிஸ்" என்று போனாள்.

கதவு மூடியதும் மச்சம் கன்னத்திலா மூக்கிலா என்பது மறந்துபோனது.

கதவு திறந்தபோது எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். முன்னால் டைரக்டர். அவர் பேசிக்கொண்டே வந்ததால் குரலை வைத்து டெஸ்ட் மிஸ் அவரை உடனே கண்டுகொண்டாள். பின்னால் தலைமையாசிரியை. அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஒரு சிறுமி ஓடிப்போய் நாற்காலியில் ஏறினாள். ஏறி உட்கார்ந்தாளே தவிர, அவள் கால் தரையைத் தொடவில்லை. மதியம் வந்தவளின் கால் தொட்டதா? டெஸ்ட் மிஸ்ஸுக்கு நினைவில்லை.

"இவதானா?" டைரக்டர் குனிந்து சிறுமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்னைப் பத்தி இவங்க ரொம்பச் சொன்னாங்கம்மா. எங்கே, எனக்கு ஒரு தடவை எண்ணைத் தலைகீழாச் சொல்லிக் காட்டு."

சிறுமி டைரக்டரைப் பார்த்தாள், தலைமையாசிரியையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். "அது என் டெஸ்ட் இல்ல சார். என்னுது மிருகம் பேரு சொல்றது."

"என்னது?"

அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் சீருடையில், சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க ஒரு பெண் உள்ளே வந்தார். "மன்னிச்சுக்குங்க, வழியில டிராஃபிக்கு. எங்கேங்க என் பொண்ணு?"

டெஸ்ட் மிஸ் மிச்சமிருந்த நம்பிக்கையையெல்லாம் திரட்டி நாற்காலியைக் காட்டினாள். "இதோ இருக்காளே."

அம்மா பார்த்தார். "இது யாரு?"

சிறுமி நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தாள்.

"இது என் பொண்ணு இல்லைங்க. இது எங்க தெருமுனை வீட்டுப் பொடிசு. ஏண்டி, நீ இங்க என்ன பண்றே?"

பொடிசு வாயைத் திறந்து அழ ஆரம்பித்தது.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. தலைமையாசிரியையே படியேறிப் போய், பொடிசின் அழுகைக்கு நடுவே கிடைத்த தகவலின்படி பிள்ளைகளைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். பந்துக் கூடைக்கு முன்னால் ரெட்டைப் பின்னல்கள் வரிசையாக நின்றன. எல்லார் கையிலும் நட்சத்திரம்.

"சொல்லுங்க" என்று தலைமையாசிரியை டெஸ்ட் மிஸ் பக்கம் திரும்பினார். "காலையில உங்களுக்குக் கதை சொன்னது இதுல யாரு?"

டெஸ்ட் மிஸ் ஓரடி முன்னால் வந்தாள். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"நான் சொல்றது முறை இல்லைங்க" என்றாள் கடைசியில். "குழந்தைங்க தாங்களா ஒத்துக்கிட்டாதான் அவங்களுக்கு நல்லது."

"சரியா சொன்னீங்க" என்று டைரக்டர் தலையசைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கதை சொன்னது யாரு?" தலைமையாசிரியையின் குரலுக்குப் பந்துகளே உருண்டிருக்கும். ஒரு கை உயர்ந்தது. "நான் மிஸ். நான்தான் கிளாஸ்ல வாயாடி."

"எண்ணைத் தலைகீழாச் சொன்னது?"

இன்னொரு கை. "நான் மிஸ்." தொண்டை நன்றாகவே இருந்தது.

"வட்டம் போட்டது?" ஓர் இடது கை உயர்ந்தது.

"வளையம் மாத்துனது?"

யாரும் கை தூக்கவில்லை. வரிசையின் கோடியில் இருந்தவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவில் கயிறு இல்லை. பிறகு அவள் கை மெல்ல, காது உயரத்துக்கு மட்டும் எழுந்தது.

"அது நான்தான் மிஸ். அது எனக்கு வரும். மத்தது எல்லாம் எனக்கு..."

"என் பொண்ணு" என்றார் அம்மா, மூச்சை இழுத்துக்கொண்டு.

டெஸ்ட் மிஸ் மேஜையில் கிடந்த வளையச் சோதனையின் விடைத்தாளைப் பார்த்தாள். காலையிலிருந்து எழுதியதில் அது ஒன்றுதான் உண்மை. அந்த ஒன்றும், இத்தனை நாள் அவள் சோதித்த பிள்ளைகள் யாரும் எட்டாத உயரத்தில் இருந்தது.

"யாரு எந்த டெஸ்ட்டுக்குப் போகணும்னு முடிவு பண்ணினது யாரும்மா?" என்று டைரக்டர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

மறதி அம்மாவின் சீருடையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கதை சொல்ல வராது சார். இவளுக்கு வரும். எனக்கு நம்பர் ஞாபகம் இருக்காது. இவளுக்கு இருக்கும். கீழ் கிளாஸுக்குப் போயிட்டா இவங்க யாரும் என்கூட..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. வாயாடி முடித்து வைத்தாள். "இருக்க மாட்டோம்ல சார், அதுக்குத்தான்."

டைரக்டர் எழுதினார். அடிக்கோடும் போட்டார்.

ஆனால் தலைமையாசிரியை விடுவதாக இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் புரியல. காலையிலேருந்து ஆள் மாத்தி ஆள் வந்து உக்காந்தா, எதிர்ல இருக்குறவங்களுக்குத் தெரியாமப் போயிடுமா? எந்தத் தைரியத்துல இப்படிப் பண்ணினீங்க?"

டெஸ்ட் மிஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கேள்விக்குத்தான் அவள் சின்ன வயதிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். வாயாடி மறதியைப் பார்த்தாள், மறதி தரையைப் பார்த்தாள். நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த பொடிசுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது:

"நேத்து இந்த மிஸ் ஸ்கூலைச் சுத்திப் பாக்க வந்தாங்கள்ல மிஸ், அப்ப மறதி ஒருத்தியே மூணு தடவை எதிர்ல போய் குட்மார்னிங் சொல்லிப் பாத்தா, மூணு தடவையும் இவங்க 'நீ யாரும்மா, எந்தக் கிளாஸ்'னு கேட்டாங்க, அப்பவே மறதி வந்து சொல்லிட்டா, 'டெஸ்ட்டுல மிஸ் ஃபெயிலு'ன்னு."